எண் எங்கே தொலைகிறது? பேட்ச் நம்பரின் கதை

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு நாம பேசப்போறது உங்க எல்லார் வீட்டுலயும் இருக்கிற, ஆனா யாருமே படிக்காத ஒரு வரியைப் பத்தி. மாத்திரை அட்டையோட ஓரத்துல, பிஸ்கட் பாக்கெட்டோட மடிப்புல, பாதி அழிஞ்ச மையில ஒரு எண் இருக்கும். பேட்ச் நம்பர். விலையைப் பார்ப்போம், காலாவதி தேதியைப் பார்ப்போம். இதை மட்டும் விட்டுடுவோம்.

அந்த ஒரு வரியை வெச்சு, 2025 அக்டோபர்ல, ஒரு மருந்துல இருந்த விஷத்தை ரெண்டே நாள்ல உறுதி செஞ்சாங்க. அப்படி ஒரு வரி இல்லாத ஒரு பாக்கெட்டால, 2024 ஜூன்ல, ஒரு ஊர்ல சாவு மேல சாவு விழுந்துது. ரெண்டுமே தமிழ்நாட்டுச் சம்பவங்கள். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வரலாறுதான் இந்த எபிசோட்.

ஒரு ஈடு

'பேட்ச்' என்ற சொல் ஆங்கிலத்தில் ரொட்டி சுடுவதிலிருந்து வந்தது. அடுப்பில் ஒரே தடவையில் வெந்து வந்த ரொட்டிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பேட்ச். நம்மகிட்ட இதுக்கு அச்சு அசலா ஒரு சொல் இருக்கு: ஈடு. 'இன்னும் ஒரு ஈடு இட்லி ஊத்தவா?'ன்னு அம்மா கேப்பாங்களே, அதேதான்.

ஒரு இட்லி நடுவுல வேகாம இருந்தா என்ன செய்வோம்? அந்த ஈட்டுல இருக்கிற மத்த இட்லியையும் பிட்டுப் பார்ப்போம். அடுத்த ஈட்டைத் தூக்கிக் குப்பையில போட மாட்டோம். பேட்ச் நம்பரோட மொத்தத் தத்துவமும் இவ்வளவுதான். ஒரே பொருளில், ஒரே பாத்திரத்தில், ஒரே நேரத்தில் செஞ்சது எல்லாத்துக்கும் ஒரே விதி. கெட்டது எது, நல்லது எதுன்னு கோடு போடறதுக்கு அந்த எண் வேணும்.

வீட்டுல ஈட்டுக்கு நம்பர் தேவையில்லை, ஏன்னா சமைச்சவங்க பக்கத்துலயே நிக்கிறாங்க. சமைச்சவங்களும் சாப்பிடறவங்களும் ஒருத்தரையொருத்தர் பார்க்க முடியாத தூரத்துக்குப் போனதும்தான் நம்பர் தேவைப்படுது.

மூங்கில்துறைப்பட்டில் ஒரு வண்டிக் கரும்பு

இதைக் கண்ணால பார்க்கணும்னா ஒரு சர்க்கரை ஆலைதான் சரியான இடம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணை ஆற்றை ஒட்டி இருக்கிற ஊர் மூங்கில்துறைப்பட்டு. கள்ளக்குறிச்சி-1 கூட்டுறவு சர்க்கரை ஆலை அங்கதான் இருக்கு. 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிஞ்ச இந்த மாவட்டத்தில் கரும்புதான் பல குடும்பங்களுக்குச் சோறு.

அந்த வட்டாரத்து விவசாயி ஒருத்தர் ஆலைக்குக் கரும்பு கொடுக்கணும்னா முதலில் பதியணும். எந்த நிலம், எவ்வளவு பரப்பு, என்ன ரகம், எப்போ நட்டது, எல்லாம் பதிவில் இருக்கும். முதிர்வைக் கணக்குப் பார்த்து கட்டிங் ஆர்டர் வரும். வெட்டி, சோகை கழிச்சு, வண்டியேத்தி வந்தா எடை மேடையில அவர் பேரிலேயே எடை போடுவாங்க. இதுவரைக்கும் அந்தக் கரும்புக்கு ஊர், பேர், பிறந்த தேதி எல்லாமே உண்டு.

எடை மேடையைத் தாண்டிக் கரும்பைக் கேரியர்ல தள்ளினதும் கதை மாறிடுது. அவர் கரும்பும் பக்கத்து வண்டிக் கரும்பும் ஒண்ணா நறுக்கப்பட்டு, ஒண்ணா அரைபட்டு, ஒரே சாறா ஓடுது. அரவை நிக்காம ஓடுற வேலை, அதுல ஈடு கிடையாது. சாறு சுண்டிப் பாகாகி, வெற்றிடக் கொப்பரையில படிகமாகும் கட்டத்தில்தான் மறுபடி ஈடு வருது. ஒரு கொப்பரை காய்ச்சினது ஒரு ஈடு. கடைசியில் 50 கிலோ மூட்டை. அதுல ஆலை பேர், சர்க்கரைத் தரம், பருவ ஆண்டு எல்லாம் இருக்கும். 100 கிலோ கரும்புக்கு 9 கிலோ சர்க்கரைன்னு வெச்சாலும், ஒரு மூட்டைக்கு 550 கிலோவுக்கு மேல கரும்பு வேணும். அது எந்தெந்த வயல்ல இருந்து வந்ததுன்னு மூட்டையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

'சர்க்கரைதானே, எந்த வயலா இருந்தா என்ன?'ன்னு கேக்கலாம். சாப்பிடறவங்களுக்கு ஒண்ணுமில்ல. விவசாயிக்கு இருக்கு. மத்திய அரசு அறிவிக்கிற நியாயமான ஆதாய விலை, சர்க்கரைக் கட்டுமானத்தை வெச்சுத்தான் கணக்காகுது. அதாவது 100 கிலோ கரும்புல எத்தனை கிலோ சர்க்கரை கிடைக்குதுங்கிற கணக்கு. 2024-25 பருவத்துக்கு 10.25 சதவீதக் கட்டுமானத்துக்கு டன்னுக்கு 3,400 ரூபாய். 9.5 சதவீதமோ அதுக்குக் கீழேயோ இருக்கிற ஆலைக்கு 3,151 ரூபாய். அந்தக் கட்டுமானம் ஆலை முழுசுக்குமான சராசரி. நல்லாப் பராமரிச்சு இனிப்பா வெளஞ்ச கரும்பைக் கொண்டுவந்தவருக்கும், வெட்டி ரெண்டு நாள் வெயில்ல காஞ்ச கரும்புக்கும் ஒரே விலை. கட்டிங் ஆர்டர் தாமதமாகி வயலிலேயே கரும்பு காஞ்சிருந்தா, யாரால குறைஞ்சதுன்னு கணக்குல தெரியாது.

நான் சாப்ட்வேர் வேலையில இருக்கிறவன். எங்க மொழியில சொன்னா, எடை மேடை வரைக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் தனி ஐடி இருந்துது. கேரியர்ல அந்த ஐடியை எறிஞ்சுட்டு மொத்தத்துக்கு ஒரு சராசரியை எழுதி வெச்சுட்டாங்க. பின்னாடி போய் யாரும் அதை மீட்க முடியாது. இந்த எபிசோட் முழுக்க நாம தேடப்போறது இந்த மாதிரி இடங்களைத்தான். ரெண்டு சரக்கு கலக்கிற இடம், பெரிய டிரம்மிலிருந்து சின்ன கேனுக்கு மாறுற இடம், கை மாறுற இடம். எண் தொலையறது அங்கதான்.

அரிக்கமேட்டு முத்திரை

பொருளின் மேல் அடையாளம் போடற பழக்கம் புதுசு இல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்துல அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தப்போ, இத்தாலியில செஞ்ச சிவப்பு மண்பாண்டத் துண்டுகள் கிடைச்சுது. அரெட்டைன் வகைன்னு சொல்வாங்க. சில துண்டுகள்ல குயவர் முத்திரைகள் இருந்தன. அந்தப் பாண்டங்கள் எந்தக் காலத்தில் இத்தாலியில் செய்யப்பட்டவைன்னு ஏற்கெனவே தெரியுங்கிறதால, அரிக்கமேட்டுக்கே வீலர் காலம் குறிக்க முடிஞ்சுது. சப்ளை செயினோட ஒரு முனையில பதிச்ச அடையாளம், 1,900 வருஷம் கழிச்சு மறுமுனையில பதில் சொல்லுது.

ஆனா ஒண்ணைக் கவனிங்க. அந்த முத்திரை 'யார் செஞ்சது'ன்னுதான் சொல்லும். 'எந்தச் சூளை, எந்த நாள்'னு சொல்லாது. ஒரு தட்டு விரிசல் விட்டா அதே சூளையில வெந்த மத்த தட்டுகளைத் தேட வழியில்லை. தட்டுக்கு அது பரவாயில்ல. மருந்துக்கு அது போதாது.

1937: 239 பேர் தேடின மருந்து

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் மேசங்கில் நிறுவனம் 1937-ல் ஒரு திரவ மருந்து வெளியிட்டது. பேர் எலிக்சிர் சல்ஃபானிலமைடு. மருந்தைக் கரைக்க அவங்க பயன்படுத்தினது டைஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமா டிஇஜி. தொழிற்சாலைகள்ல பயன்படற கரைப்பான். இனிப்பா இருக்கும். சிறுநீரகத்தைக் கொல்லும். விற்கும் முன்னாடி அது விஷமான்னு சோதிக்கணும்னு அப்போ சட்டமே கிடையாது.

100-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க, அதில் 34 பேர் குழந்தைகள். நிறுவனம் முதலில் அனுப்பின தந்திகளில் 'திருப்பி அனுப்புங்க'ன்னுதான் இருந்துது, உயிருக்கு ஆபத்துன்னு இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வற்புறுத்தின பிறகே எச்சரிக்கைத் தந்தி போனது. அந்த நிர்வாகத்தில் இருந்த 239 ஆய்வாளர்களும் வேதியியலாளர்களும் கிட்டத்தட்ட மொத்தமாக் களமிறங்கினாங்க. விற்பனைச் சீட்டுகளைப் புரட்டி, மருந்துக்கடைக் கடைக்குப் போய், டாக்டர் எழுதின சீட்டை வெச்சு வீடு வீடாத் தேடினாங்க. மருந்தோட மலைப்பகுதிக்குக் குடிபெயர்ந்துபோன ஒரு குடும்பத்தின் 3 வயதுப் பையனைத் தேடறதுக்கு, ஒரு டாக்டர் தன் கல்யாணத்தையே தள்ளிவெச்சுட்டு உதவினார். தயாரிச்ச 240 கேலனில் 234 கேலனுக்குமேல் மீட்டுட்டாங்க. மீட்க முடியாத அந்த மிச்சம்தான் அத்தனை உயிரையும் வாங்கினது.

அடுத்த வருஷமே அங்க புதுச் சட்டம் வந்தது. இந்தியாவில் 1940-ல் மருந்துச் சட்டம், 1945-ல் அதன் விதிகள். அந்த விதிகளில் லேபிள் பத்தின பகுதி பேட்ச் நம்பரைக் கட்டாயமாக்குது. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, சும்மா ஒரு நம்பர் போட்டாப் போதும்னு விதி சொல்லல. அந்த நம்பரைச் சொன்னா, தயாரிப்பு விவரங்கள் முழுக்க ஆவணத்திலிருந்து எடுத்துக் காட்டக்கூடியதா இருக்கணும்னு சொல்லுது. நம்பர் வெறும் சாவி. பின்னாடி பூட்டின அலமாரி ஒண்ணு நிஜமாவே இருக்கணும், அதுக்குள்ள காகிதமும் இருக்கணும்.

நிரபராதியையும் அது காட்டும்

1982-ல் சிகாகோ பகுதியில் டைலனால் மாத்திரை சாப்பிட்ட 7 பேர் இறந்தாங்க. உள்ளே சயனைடு. எல்லாரும் ஆலையைத்தான் சந்தேகப்பட்டாங்க. விஷம் இருந்த பாட்டில்களின் லாட் எண்களைப் பார்த்தப்போ, அவை வேற வேற ஈடுகள், வேற வேற மாநிலங்களில் இருந்த ரெண்டு ஆலைகளில் தயாரானவைன்னு தெரிஞ்சுது. ரெண்டு ஆலையிலயும் ஒரே சமயத்துல கலந்து, சாவு மட்டும் ஒரே ஊர்ல விழ வாய்ப்பில்லை. அப்போ விஷம் கலந்தது கடை அலமாரிக்கு வந்த பிறகுன்னு முடிவு பண்ணாங்க. நிறுவனம் 3 கோடிக்கும் மேற்பட்ட பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. இன்னைக்கு மருந்து பாட்டில் மூடியில நீங்க கிழிக்கிற அந்த சீல், அதுக்கப்புறம் பரவினதுதான்.

எஸ்ஆர்-13

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். டிஇஜி இந்தியாவுக்குப் பழைய எதிரி. 1970-களின் தொடக்கத்துல சென்னையிலேயே குழந்தைகள் இறந்தாங்க. 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர். 1998-ல் குர்கானில் 33 குழந்தைகள்.

2025 செப்டம்பர் தொடக்கத்திலிருந்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், சாதாரண சளி இருமலோட வந்த குழந்தைகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்துது. சந்தேகம் 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் சிரப் மேல் விழுந்துது. அக்டோபர் 1-ஆம் தேதி அங்கிருந்து தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குக் கடிதம் வந்தது. லேபிளில் ஸ்ரீசன் பார்மசூட்டிகல்ஸ், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரம். பேட்ச் எஸ்ஆர்-13, 2025 மே மாதத் தயாரிப்பு.

அன்னைக்கு ஆயுத பூஜை, மறுநாள் விஜயதசமி. விடுமுறையிலும் ஆய்வாளர்கள் ஆலைக்குப் போனாங்க, மாதிரி எடுத்தாங்க. ரெண்டு நாளுக்குள்ள முடிவு வந்துது: டிஇஜி 48.6 சதவீதம். அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம். தமிழ்நாட்டில் விற்பனை நிறுத்தப்பட்டது, பிறகு உரிமமும் ரத்தானது. அக்டோபர் 13-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட எச்சரிக்கையிலும் அந்த பேட்ச் எண்தான் இருந்தது.

சிந்த்வாராவில் ஒரு தாய் கையில இருந்த பாட்டிலுக்கும் 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஒரு கொட்டகைக்கும் நடுவே கோடு போட, அந்த நாலு எழுத்து போதுமா இருந்துது. ஆனா 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் போயிட்டாங்க. எண்ணைக் கேட்ட பிறகு ரெண்டு நாள், கேக்கிற வரைக்கும் ஒரு மாசம். பேட்ச் நம்பர் தானா அலறாது. யாராவது அதைக் கேக்கணும்.

இன்னொரு கேள்வியும் இருக்கு. எஸ்ஆர்-13-க்குப் பின்னாடி என்ன இருந்துது? ஆய்வில் தெரிஞ்சது, மருந்துத் தரமில்லாத புரோப்பிலீன் கிளைக்கால் பயன்படுத்தப்பட்டதுன்னு. மருந்துக்கு நம்பர் இருக்கு. அது கரைஞ்ச திரவம் எந்த டிரம்மிலிருந்து வந்துது, அந்த டிரம் எங்கிருந்து வந்துதுங்கிறதுதான் அவிழ்க்க முடியாத முடிச்சு. மூங்கில்துறைப்பட்டு கேரியர் ஞாபகம் வருதா?

2006-ல் பனாமாவில் இதே கதை. சீனாவில் கிளிசரின்னு பேர் வெச்ச 46 டிரம்கள், பெய்ஜிங் வியாபாரி கை மாறி, பார்சிலோனா போய், பனாமா துறைமுகத்துக்கு வந்துது. ஒவ்வொரு கையிலும் தரச் சான்றிதழ் புதுசா எழுதப்பட்டு, முந்தினவர் பேர் காணாமப்போனது. உள்ள இருந்தது டிஇஜி. அரசு கொடுத்த இருமல் மருந்துல அது கலந்து 100-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க.

எண்ணே இல்லாத பாக்கெட்

இப்ப மறுபடி கள்ளக்குறிச்சி மாவட்டம். 2024 ஜூன் 18, 19. கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடிச்சவங்களுக்கு வயித்து வலி, வாந்தி, கண் பார்வை மங்கல். சாராயத்தில் மெத்தனால். 65-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. பெரும்பாலும் தினக்கூலிகள்.

அந்த பாலித்தீன் பாக்கெட்டில் பேர் இல்லை, தேதி இல்லை, எண் இல்லை. முதல் சாவுகள் விழுந்தப்போ, காரணம் சாராயம்தானாங்கிறதே சர்ச்சையா இருந்துது. சாவு வீட்டுக்கு வந்தவங்களும் அதே சரக்கைக் குடிச்சாங்கன்னு செய்திகள் வந்தன. இதுதான் எனக்கு மனசுல இருந்து போகாத விஷயம். 1937-ல் ஆய்வாளர்கள் ஒரு சீட்டை வெச்சு அடுத்த பாட்டிலைத் தேடிப் போனாங்க. இங்க 'எந்த ஈட்டைத் தொடாதே'ன்னு சொல்லக்கூட ஒரு பேர் இல்லை.

பின்னாடி போற வேலை போலீஸ் வேலையா மாறிடுச்சு. வித்தவரைப் பிடிச்சு, அவருக்குக் கொடுத்தவரைப் பிடிச்சு, மெத்தனால் கொண்டுவந்தவரைப் பிடிச்சு, ஆள் ஆளாக் கதையைக் கோக்க வேண்டியிருந்துது. சிபிசிஐடி விசாரிச்சுது, நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைஞ்சுது, 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாத்துச்சு.

இதுல ஒரு விசித்திரம் இருக்கு. மெத்தனால் வானத்திலிருந்து விழுந்த பொருள் இல்ல. ஆலையில செய்யற தொழில்துறை ரசாயனம். தமிழ்நாட்டில் அதை வெச்சுக்கவும் விக்கவும் உரிமம் வேணும். அதாவது பிறக்கும்போது அதுக்கும் பதிவேடு உண்டு. சர்க்கரை ஆலையிலிருந்து வெளிய போற மொலாசஸுக்கே அனுமதிச் சீட்டு வேணும்கிற மாநிலம் இது. அப்படியிருந்தும் எங்கேயோ ஒரு கிடங்கில், ஒரு பேரலிலிருந்து ஒரு கேனுக்கு ஊத்தினப்போ, காகிதம் பேரலோட நின்னுடுச்சு, திரவம் மட்டும் கிளம்பிப்போச்சு. 2023-ல் மரக்காணத்துலயும் செங்கல்பட்டுலயும் 20-க்கும் மேற்பட்டவங்க இறந்ததும் மெத்தனாலால்தான். ஒரு வருஷம் கழிச்சும் அதே ஓட்டை திறந்தே இருந்துது.

அப்போ கியூஆர் கோடு?

'எல்லாத்துக்கும் ஒரு கியூஆர் போட்டா முடிஞ்சுது'ன்னு நம்ம துறை ஆட்கள் உடனே சொல்வாங்க. 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 மருந்து பிராண்டுகளுக்கு கியூஆர் அல்லது பார்கோடு கட்டாயம். ஸ்கேன் பண்ணா பேட்ச், தேதி, உரிம எண் எல்லாம் வரும். நல்ல விஷயம்தான். ஆனா அது ஆலை வாசலிலிருந்து உங்க வீடு வரைக்குமான பாதையைத்தான் காட்டும். நாம இதுவரை பார்த்த டிஇஜி சாவுகள்ல விஷம் நுழைஞ்சது ஆலை வாசலுக்கு முன்னாடி. கோல்ட்ரிஃபுக்குப் பிறகு, மருந்துக்கான அபாயகரமான கரைப்பான்களைத் தயாரிப்பாளர்கிட்ட இருந்தே இணையத்தில் பதிஞ்சு பின்தொடர மத்திய மருந்து அமைப்பு ஏற்பாடு செய்திருக்கு. சரியான இடத்துல கை வெச்சிருக்காங்க. ஆனா பதியறவர் பொய் எழுதினா, டேட்டாபேஸும் அந்தப் பொய்யை அழகாச் சேமிச்சு வெச்சுக்கும். டிரம்மைத் திறந்து சோதிக்கிற ஒரு ஆய்வாளருக்கு மாற்று கிடையாது.

நம்மளால ஆகக்கூடிய சின்ன விஷயம் ஒண்ணு சொல்லி முடிக்கிறேன். மாத்திரையை வெட்டிக் கொடுக்கும்போது கடைக்காரர் பேட்ச் எண் இல்லாத துண்டைத் தருவார். எண் இருக்கிற பக்கத்தைக் கேளுங்க, இல்லைன்னா பில்லில் எண் இருக்கான்னு பாருங்க. குழந்தைக்கு சிரப் கொடுத்தா, மருந்து தீர்ந்தாலும் பாட்டிலையும் அட்டையையும் ஒரு வாரம் வெச்சிருங்க. கொடுத்த மருந்து ஒத்துக்கலைன்னு டாக்டர்கிட்ட ஓடும்போது அதையும் கையோட எடுத்துட்டுப் போங்க. முதல்ல கேக்க வேண்டிய ஆள் நீங்களா இருக்கலாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.